மோரில் கலந்த முதல் மதிப்பெண்

மேலக்கரைப் பல்கலைக்கழகத்தில் ஒரு பாடம் இருந்தது. 'கட்டமைப்பு உயிர்த்தகவலியலும் மூலக்கூறு இடைவினைகளும்' என்று பெயர். பயப்படாதீர்கள், பெயர்தான் பெரிது. உள்ளே இருப்பது பூட்டும் சாவியும்தான். நம் உடம்பு முழுக்கப் பூட்டுகள் இருக்கின்றன. அவற்றுக்குப் புரதம் என்று பெயர். எந்தச் சாவி எந்தப் பூட்டில் போய் உட்காரும் என்பதைக் கம்ப்யூட்டரிலேயே உட்காரவைத்துப் பார்ப்பார்கள். அடுப்பு பற்றவைக்காமலே குழம்புக்கு உப்பு பார்க்கிற மாதிரி.

அந்தப் பாடத்தை நடத்தியவர் பேராசிரியர் இன்னாசிமுத்து. ஓய்வு பெறும் வயதை நெருங்கியவர். யாரையும் அதட்டிப் பேசியதில்லை, யாரோடும் முரண்பட்டதும் இல்லை. மோர் குடித்தால் அவருக்குத் தொண்டை கட்டிக்கொள்ளும். இதை இப்போதே சொல்லிவைக்கிறேன், பிறகு கேட்காதீர்கள்.

அவரிடம் ஒரு மதிப்பெண் வழக்கம் இருந்தது. ஆண்டுதோறும் மாணவர்கள் ஒரு புதுச் சாவியை வடிவமைக்க வேண்டும். அது பூட்டில் எவ்வளவு இறுக்கமாக ஒட்டுகிறது என்று கம்ப்யூட்டர் ஒரு எண் தரும். அந்த எண் மைனஸில் வரும். எவ்வளவு மைனஸோ அவ்வளவு இறுக்கம். வகுப்பிலேயே இறுக்கமாக ஒட்டுகிற சாவிக்கு முழு மதிப்பெண். மைனஸ் வாங்கினால் முதல் ரேங்க் கிடைக்கிற ஒரே வகுப்பு அதுதான்.

அந்த வருஷம் வகுப்பில் மெஹர்பானு என்று ஒரு பெண் இருந்தாள். கடையநல்லூர்க்காரி. முதல் ரேங்க் என்றால் சோறு தண்ணீர் வேண்டாம் அவளுக்கு. பக்கத்து நாற்காலியில் பூவிழி, அவளுடைய அறைத்தோழி. பூவிழிக்குச் சோறுதான் முக்கியம்.

"ஏட்டி மெகரு, எந்தப் பூட்டை எடுக்கலாம்னு இன்னுமா யோசிக்க?" என்று பூவிழி ஆய்வகத்தில் கேட்டாள். "நான் ஒண்ணு சொல்லட்டா? கசப்பை எடு. நாக்குல கசப்பு தெரியிறதுக்குன்னு தனியா பூட்டு இருக்குல்லா? அதுல கொண்டுபோய் ஆணி அடிச்சி விட்டுரு. நம்ம மெஸ் சாம்பார் தினமும் அடிப்பிடிச்சிருது. தீஞ்ச கசப்பு போயிட்டுன்னா பாக்கியைச் சமாளிச்சிரலாம்."

"அது ஒரு பூட்டு இல்லட்டி. இருபது, இருபத்தஞ்சு வகை இருக்கு."

"அப்போ சாவிக்கொத்தா செய்."

மெஹர்பானு சிரிக்கவில்லை. அவளுக்கு அது நல்ல சவாலாகத் தோன்றிவிட்டது. எல்லாக் கசப்புப் பூட்டிலும் ஒரேயடியாக உட்காரும் ஒரு சிறு மூலக்கூறை அவள் செதுக்கத் தொடங்கினாள். பூவிழியும் அதே பூட்டுகளுக்கு ஒன்று செய்தாள். அதை வகுப்பே கேலி பண்ணியது. வந்து ஒட்டும், ஒட்டிய சுருக்கில் கழன்று போய்விடும்.

"உன் சாவி என்னட்டி, கல்யாண வீட்டுக்கு வந்து பாயசம் மட்டும் குடிச்சிட்டுப் போற ஆள் மாதிரி இருக்கு" என்றாள் மெஹர்பானு.

"வந்தோமா, போனோமான்னு இருக்கணும். உன்னோடது வீட்டோட மாப்பிள்ளை."

வீட்டோடு மாப்பிள்ளைக்குத்தான் முழு மதிப்பெண் கிடைத்தது. அத்தனை பெரிய மைனஸை இன்னாசிமுத்து தம் சர்வீஸில் பார்த்ததில்லை.

விஷயம் துணைவேந்தர் காதுக்குப் போயிற்று. அவர் பொருளாதாரம் படித்தவர். மெஹர்பானுவையும் இன்னாசிமுத்துவையும் தம் அறைக்கு அழைத்தார். விடுதிக் காப்பாளர் கோமதிநாயகமும் ஒரு மூலையில் நின்றார். மெஸ்ஸை நடத்துகிறவர் அவர்தான்.

"என்னம்மா இது, மைனஸ்ல மார்க் வாங்கிருக்கே?" என்றார் துணைவேந்தர்.

"சார், அதுதான் நல்ல மார்க்" என்று இன்னாசிமுத்து மெல்லச் சொன்னார்.

"அப்படியா? சரி. நாக்குல கசப்பே தெரியாதாமே. எவ்வளவு நேரத்துக்கு?"

மெஹர்பானு பேராசிரியரைப் பார்த்தாள். அவர் மேசையைப் பார்த்தார்.

"ஒரு வேளைக்கு இருக்கும் சார்" என்றாள் அவள். ஏன் அப்படிச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. காபி, மருந்து எல்லாம் ஒரு வேளைக்குத்தானே என்ற நினைப்பு.

துணைவேந்தர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "கோமதிநாயகம், மெஸ் புகார்ப் பெட்டியில மாசம் எவ்வளவு விழுது?"

"பெட்டி பத்தலைங்க ஐயா. போன வாரம் ஒரு சாக்கு கட்டித் தொங்கவிட்டோம்."

"பாருங்க. மெஸ்ஸைச் சரிபண்ணணும்னா அடுப்பு மாத்தணும், ஆள் மாத்தணும்…"

"என்னையுமா ஐயா?"

"உங்களையும்தான். அவ்வளவையும் மாத்துறதைவிட நாக்கை மாத்துறது சுலபம் இல்லையா? சின்ன இடம்."

கோமதிநாயகத்தின் முகம் தெளிந்தது. வேதியியல் துறை மூலக்கூறைச் செய்துகொடுத்தது. துணைவேந்தர் அதற்கு 'இன்சுவை' என்று பெயர் வைத்தார். மருந்தா உணவா என்று ஒரு கேள்வி வந்தது. மருந்துக் குழு அதை உணவு என்றது, உணவுக் குழு ஆராய்ச்சி என்றது. ஆராய்ச்சிக் குழுவின் தலைவர் துணைவேந்தர். அவர் கையெழுத்துப் போட்டார். மறுநாள் முதல் விடுதியிலும் கேன்டீனிலும் நீர்மோர் இலவசம் என்று அறிவிப்பு வந்தது. இலவசம் என்றால் நாம் என்ன கலந்திருக்கிறது என்று கேட்போமா?

வேலை செய்தது. அதைச் சொல்லத்தான் வேண்டும். முதல் நாள் மதியம் பிள்ளைகள் பாகற்காய்ப் பொரியலை இரண்டாம் முறை கேட்டு வாங்கினார்கள். தீய்ந்த சாம்பார் தீய்ந்ததாகவே தெரியவில்லை. மாதம் முடிவதற்குள் சாக்கு கழற்றப்பட்டது. புகார்ப் பெட்டியின் வாயில் ஒரு சிலந்தி கூடு கட்டியது. கோமதிநாயகம் அந்தக் கூட்டைக் கலைக்க விடவில்லை. பார்க்க வந்தவர்களுக்கெல்லாம் அதைக் காட்டினார்.

நல்ல சரக்கு வாங்குவது யாருக்காக என்ற ஞானமும் அவருக்கு மெல்ல வந்தது. எண்ணெய் மாறியது. பருப்பு மாறியது. யாரும் ஒன்றும் சொல்லவில்லை. காபியைப் பற்றி மட்டும் சிலர் முணுமுணுத்தார்கள். கசப்பில்லாத காபி சர்க்கரை போட்ட வெந்நீராகிவிட்டது. "நம்ம ஊர்ல மாடு ஏமாத்துதுபோல" என்று அவர்களே காரணமும் சொல்லிக்கொண்டார்கள்.

பூவிழி தன் அக்காள் வளைகாப்புக்கு ஊருக்குப் போய் நாலைந்து நாள் இருந்துவிட்டுக் காலையில் வந்து இறங்கினாள். அன்று மதியம் சுரைக்காய்க் கூட்டு. பசி. மோர் வருவதற்கு முன்பே பாதித் தட்டைக் காலி செய்தாள். சாயங்காலம் வாந்தி. இரவு ஆஸ்பத்திரியில் சேர்த்தார்கள். கூடவே அதே வரிசையில் சாப்பிட்ட இன்னும் சில பெண்களையும்.

சுரைக்காயில் சில காய் கசப்பாக விளையும். அந்தக் கசப்பே விஷம். அதனால்தான் நறுக்கும்போது ஒரு துண்டை நாக்கில் வைத்துப் பார்க்கிறோம். மெஸ் சமையல் மாஸ்டரும் வழக்கம்போல வைத்துத்தான் பார்த்தார். அவரும் தினம் இரண்டு டம்ளர் மோர் குடிக்கிற மனிதர்.

டாக்டர் பூவிழியின் கட்டிலருகே நின்று கேட்டார். "இவ்வளவு கசப்பை எப்படிம்மா முழுங்கினே? ஒரு வாய் வெச்சாலே துப்பிருவாங்களே."

"கசக்கவே இல்ல டாக்டர்" என்றாள் பூவிழி. முகம் வெளுத்துக் கிடந்தது. கையில் குளுக்கோஸ் ஏறிக்கொண்டிருந்தது.

டாக்டர் போனதும் மெஹர்பானு குனிந்து கேட்டாள். "ஊர்ல இருந்தப்போ மோர் குடிச்சியா?"

"எங்க வீட்டு மோரு குடிச்சேன். அதுல உன் சரக்கு கிடையாதுல்லா."

"நாலு நாளா நம்ம மோர் குடிக்கல. ஆனா நேத்தும் உனக்குக் கசப்பு தெரியல." மெஹர்பானு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். "அது போகவே இல்லட்டி பூவிழி. ஒட்டினது ஒட்டினபடி இருக்கு."

"வீட்டோட மாப்பிள்ளைன்னு அப்பவே சொன்னேன்" என்று சொல்லிவிட்டுப் பூவிழி மறுபடி வாந்தி எடுத்தாள். அவள் தலையைத் தாங்கிப் பிடித்திருந்த கை மெஹர்பானுவுடையது. செய்த கையும் அதுதான்.

வெளியே விற்ற பானிபூரிதான் காரணம் என்று பல்கலைக்கழகம் அறிக்கை விட்டது. வாசலில் நின்ற பானிபூரி வண்டி துரத்தப்பட்டது.

மெஹர்பானு நேராகப் பேராசிரியர் அறைக்குப் போனாள். அவர் பிளாஸ்கிலிருந்து வீட்டுக் காபியை ஊற்றிக்கொண்டிருந்தார்.

"சார், எவ்வளவு இறுக்கமா ஒட்டும்னு கணக்குப் போட்டோம். எப்போ விடும்னு போடவே இல்லையே. ஏன் சார்?"

"அது சிலபஸ்ல இல்லம்மா."

"நீங்கதானே சார் சிலபஸ் எழுதினது?"

"எனக்கு முன்னாடி இருந்தவர் எழுதினது. அவரும் யாரையோ பாத்துத்தான் எழுதியிருப்பார்." காபியை ஒரு வாய் குடித்தார். அவருக்கு அது கசந்தது. அவர் மோர் குடிக்காதவர் அல்லவா? "விடறதுக்கு யாரும்மா மார்க் போடுவா?"

"துணைவேந்தர்கிட்ட சொல்லிருவோம் சார். மோரை நிறுத்தச் சொல்லுவோம்."

இன்னாசிமுத்து கதவைப் பார்த்தார். "தர மதிப்பீட்டுக் குழு வருது. அவங்க நல்லதா எழுதினா இதை மாநிலத்துல இருக்கிற எல்லா ஹாஸ்டலுக்கும் கொடுக்கப்போறாங்களாம். அப்புறம் பள்ளிக்கூடத்துக்கு. பெரிய இடத்துப் பேச்சு. அவங்க வந்துட்டுப் போகட்டும், பார்ப்போம்."

"போனப்புறம் பள்ளிக்கூடத்துப் பிள்ளைங்க சுரைக்காய் தின்னும் சார்."

அவர் டம்ளரைத் துடைத்தார்.

அந்தச் சமயத்தில் ரமலான் தொடங்கியது. மெஹர்பானு நோன்பு வைத்தாள். விடியலுக்கு முன் உண்ணும் சஹர் நேரத்துக்கு மெஸ்ஸில் சாப்பாடு கிடையாது. பள்ளிவாசல் தெருவில் அவளுடைய பெரியம்மா வீடு இருந்தது. அங்கிருந்து தூக்குச்சட்டியில் சோறு வந்தது. மாலையில் நோன்பு திறக்கவும் அந்த வீட்டுக்கே போனாள். பள்ளிவாசலில் காய்ச்சிய கஞ்சி வாளியில் வரும். மெஸ் பக்கம் அவள் கால் போகவில்லை.

இரண்டு வாரம் ஆகியிருக்கும். ஒரு மாலை பாங்கு சொன்னதும் பேரீச்சம்பழத்தை வாயில் போட்டு, தண்ணீர் குடித்து, கஞ்சியை ஒரு வாய் உறிஞ்சினாள். உறிஞ்சியவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். கண்ணில் நீர் வந்தது. உடல் தேறி அன்று அவளோடு வந்திருந்த பூவிழி பயந்துபோனாள்.

"என்னட்டி? சுட்டுட்டா?"

"கசக்குதுட்டி."

"என்னது?"

"வெந்தயம். கஞ்சியில வெந்தயம் கசக்குது."

பெரியம்மாவுக்கு ஒன்றும் விளங்கவில்லை. "வெந்தயம் பின்ன இனிக்குமாக்கும்? கொஞ்சம் கூடத்தான் விழுந்துட்டு இன்னைக்கு" என்று மன்னிப்புக் கேட்கிற குரலில் சொன்னாள். மெஹர்பானு எழுந்து அவளைக் கட்டிக்கொண்டாள்.

திரும்பி நடந்து வரும் வழியில் அவள் பூவிழியிடம் சொன்னாள். "நாம எவ்வளவு பெரிய மடச்சிகன்னு பாரு. அந்தப் பூட்டை அணு அணுவா தெரியும் நமக்கு. ஆனா பூட்டு கதவுல இருக்கு, கதவு வீட்டுல இருக்குன்னு மறந்துட்டோம். நாக்குல இருக்கிற ருசிச் செல்லெல்லாம் ரெண்டு வாரத்துக்குள்ள செத்துப் புதுசா முளைச்சிரும். ஸ்கூல்லயே படிச்சிருக்கோம். என் சாவி கழண்டு போகல, கதவே மாறிப்போச்சு."

"அப்போ மருந்து?"

"மருந்தே வேண்டாம். மோரைக் குடிக்காம இருந்தாப் போதும். ஆனா குடிச்சிட்டு இருக்கிறவங்களுக்கு முளைக்க முளைக்கப் புதுக்கதவுலயும் போய் உட்கார்ந்துரும்."

"அப்போ நேரா போய்ச் சொல்லு."

"சொன்னா யாரு நம்புவா? காட்டணும்."

குழு வந்தது. தலைவர் சந்தானகோபாலன், சென்னைக்காரர், பல குழுக்களில் இருந்து பழகிய மனிதர். கூட இரண்டு உறுப்பினர்கள். வாசலில் நாதஸ்வரம், சந்தனம், ஆளுக்கொரு பெரிய டம்ளர் மோர். வெயில் அப்படி. மூன்று பேரும் இரண்டாம் டம்ளர் கேட்டு வாங்கிக் குடித்தார்கள்.

மறுநாள் மாணவர் ஆராய்ச்சியை அவர்கள் முன் விளக்க மெஹர்பானுவை அழைத்திருந்தார்கள். அவள் மேசையில் சின்னச் சின்ன டம்ளர்களை வைத்தாள். உள்ளே பழுப்பு நிறத்தில் ஏதோ.

"இது நிலவேம்புக் கஷாயம் சார். சித்த மருந்துக் கடையில வாங்கிக் கெட்டியா காய்ச்சினது. இதைவிடக் கசப்பு நம்ம ஊர்ல கிடையாது. ஒரு வாய் குடிச்சுப் பாருங்க. உங்களுக்குக் கசப்பு தெரியாது. ஒரு வேளை கழிச்சும் தெரியாது. நாளைக்கும் தெரியாது. அதைத்தான் நான் சொல்ல வந்தேன். இந்த மூலக்கூறு விடாது சார். விஷம் வாய்க்குள்ள போனாலும் நாக்கு சொல்லாது. போன மாசம் ஆஸ்பத்திரிக்குப் போனவங்க பானிபூரியால போகல."

துணைவேந்தர் செருமினார். தலைவர் சந்தானகோபாலன் டம்ளரை எடுத்துக் குடித்தார். சப்புக்கொட்டினார். மீண்டும் குடித்தார்.

"இது ஏதோ இலைத்தண்ணிம்மா. கசப்பே இல்லையே."

"அதேதான் சார் நான் சொல்றது."

"நீ சொல்றது எனக்குப் புரியலை. கசப்பா இருந்து எனக்குத் தெரியலைன்னா நீ சொல்றது சரி. கசப்பே இல்லாம நீ வெறும் தண்ணியைக் கொண்டுவந்திருந்தா? எதைவெச்சு நான் நம்புறது?"

மற்ற இருவரும் குடித்துவிட்டுத் தலையசைத்தார்கள். இலைத்தண்ணிதான்.

"நீயே குடிச்சுக் காட்டேன்" என்றார் துணைவேந்தர், கொஞ்சம் குளிர்ந்துபோய்.

மெஹர்பானு உதட்டைக் கடித்தாள். "நோன்பு சார்."

அறையில் ஒரு சிறு சிரிப்பு எழுந்து அடங்கியது. அப்போதுதான் அவள் திரும்பிப் பின்வரிசையைப் பார்த்தாள். "எங்க சார் மோரே குடிக்க மாட்டாங்க. தொண்டை கட்டிக்கும். துறையில எல்லாருக்கும் தெரியும். அவங்க குடிச்சுச் சொல்லட்டும்."

எல்லாத் தலைகளும் இன்னாசிமுத்து பக்கம் திரும்பின. அவர் எழுந்து வந்தார். டம்ளரை எடுத்தார். துணைவேந்தர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். இன்னாசிமுத்து ஒரே மூச்சில் குடித்தார். புருவம் அசையவில்லை. உதடு கோணவில்லை. தொண்டைக்குழி ஒரு தடவை ஏறி இறங்கியது, அவ்வளவுதான்.

"இலைத்தண்ணிதான் சார்" என்றார். "பிள்ளைக்கு நோன்புக் களைப்பு."

மெஹர்பானு டம்ளர்களை ஒவ்வொன்றாக எடுத்துத் தட்டில் அடுக்கினாள். ஒன்றுகூட ஓசைப்படவில்லை.

சாயங்காலம் அவள் பெரியம்மா வீட்டுக்குக் கிளம்பும்போது அவர் துறை வாசல் வேப்பமரத்தடியில் நின்றார்.

"மெஹர்."

அவள் நின்றாள்.

"கசந்ததும்மா. அடிவயிறு வரைக்கும் கசந்தது. இன்னும் கசக்குது."

"அப்புறம் ஏன் சார்?"

"ஏன்னு கேட்டா என்ன சொல்ல? திட்டம் போட்டுப் பொய் சொல்லல. முகம் தானா அப்படி இருந்துட்டு. எத்தனை துணைவேந்தர், எத்தனை கூட்டம். எல்லாத்துலயும் கொடுத்ததை முழுங்கி முழுங்கிப் பழகிட்டு. கசப்பை மறைக்க எனக்கு உன் மோர் வேண்டாம் பிள்ளை. சர்வீஸ் போதும்."

மெஹர்பானு அவரை நேராகப் பார்த்தாள்.

"அப்போ உங்க சர்வீஸ்தான் சார் முதல் ரேங்க். என் மூலக்கூறுகூட ரெண்டு வாரத்துல உதிர்ந்துருது."

சொல்லிவிட்டு அவள் போய்விட்டாள். பாங்குச் சத்தம் கேட்கும்வரை அவர் மரத்தடியிலேயே நின்றார்.

கடைசி நாள் விடுதியில் எல்லாரும் சேர்ந்து மதிய விருந்து. நீள மேசை, வாழையிலை. தலைவர் நடுவில், துணைவேந்தர் பக்கத்தில், துறைத்தலைவர்கள் வரிசையாக. அன்று பேராசிரியர்களும் கட்டாயம் உட்கார வேண்டும் என்று உத்தரவு. மாணவிகள் பரிமாறினார்கள். நோன்பு இருந்தும் மெஹர்பானு தானாகக் கேட்டு ஒரு வாளியை வாங்கிக்கொண்டாள்.

வாளியைத் திறந்து பார்த்தாள். சுரைக்காய்க் கூட்டு.

"எந்தச் சரக்கு மாஸ்டர் இது?" என்று அடுப்படியில் கேட்டாள்.

"அதே தோட்டம்தாம்மா. காப்பாளர் ஐயா மலிவா மொத்தமா பேசி முடிச்சிருக்காங்க. நான் வாயில வெச்சுப் பாத்துட்டேன், தேனு மாதிரி இருக்கு."

அவளால் ருசி பார்க்க முடியாது. நோன்பை முறித்துப் பார்த்தாலும் அவள் சொல்லை யாரும் நம்பப்போவதில்லை. அந்தக் கூடத்தில் நாக்கு உள்ள மனிதர் ஒருவர்தான். வரிசையின் தலைமாட்டில் தொடங்க வேண்டியவள், கடைக்கோடிக்குப் போனாள். இன்னாசிமுத்துவின் இலையில் ஒரு கரண்டி கூட்டை வைத்தாள். அவர் நிமிர்ந்து பார்க்கவில்லை.

அவர் விரலால் வழித்து வாயில் வைத்தார். மென்றார். முகம் எப்போதும்போல இருந்தது. அவள் வாளியோடு அடுத்த இலைக்கு நகர்ந்தாள். அதற்கடுத்த இலை. தலைவரின் இலை வந்தது. கரண்டியை வாளிக்குள் விட்டாள்.

"நில்லும்மா."

அத்தனை பேரும் திரும்பினார்கள். இன்னாசிமுத்துவின் முகம் சுருங்கத் தொடங்கியிருந்தது. முதலில் ஒரு கண். பிறகு மூக்கு. பிறகு இத்தனை வருஷம் நேராகவே இருந்த அந்த வாய் பக்கவாட்டில் கோணியது. அவர் குனிந்து, வாயில் இருந்ததை இலையிலேயே துப்பினார்.

"இன்னாசி! என்ன பழக்கம் இது?" என்றார் துணைவேந்தர்.

"கசக்குது சார்."

தலைவர் சந்தானகோபாலன் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். "முந்தாநாள் அந்தத் தண்ணியைக் குடிச்சிட்டுக் கசக்கலைன்னீங்களே."

"அதுவும் கசந்தது சார்."

வாயைத் துடைத்துக்கொண்டு இன்னாசிமுத்து சொன்னார், "யாரும் சாப்பிடாதீங்க. விஷம்."

துணைவேந்தர் சமாளிக்கப் பார்த்தார். "ஒருத்தர் நாக்கை வெச்சு ஒரு பல்கலைக்கழகத்தை எடைபோட முடியுமா சார்?"

கூடத்து வாசலில் எப்போதும் ஒரு நாய் படுத்திருக்கும். பல வருஷமாக அங்கேயே இருப்பதால் மாணவர்கள் அதற்கு 'சீனியர்' என்று பெயர் வைத்திருந்தார்கள். பரிமாறிக்கொண்டிருந்த பூவிழி இன்னாசிமுத்துவின் இலையை எடுத்துக்கொண்டுபோய் அதன் முன் வைத்தாள். சீனியர் எழுந்து வந்தது. சோற்றைத் தின்றது. அப்பளத்தைத் தின்றது. கூட்டை ஒரு நக்கு நக்கிவிட்டுத் தலையை உதறிக்கொண்டு, மணலில் நாக்கைத் தேய்த்தது.

தலைவர் தம் இலையை மெதுவாக மூடினார்.

பிறகு என்ன ஆயிற்று என்றால், நீங்கள் நினைக்கிற மாதிரி ஒன்றும் பெரிதாக ஆகவில்லை. பல்கலைக்கழகத்துக்கு உயர்ந்த தரம் கிடைத்தது. அறிக்கையில் 'ஆசிரியர்களின் உணவுமேசை ஒழுக்கத்தில் முன்னேற்றம் தேவை' என்று ஒரு வரி இருந்தது. இன்சுவையை மாநிலம் முழுக்கக் கொண்டுபோகும் கோப்பில் மட்டும், ஒரு பேராசிரியர் கசக்கிறது என்று கூறியதாகத் தெரிகிறது, விளக்கம் பெறவும் என்று தலைவர் எழுதிவைத்தார். நம் ஊரில் விளக்கம் பெறப் போன கோப்பு என்றைக்குத் திரும்பி வந்திருக்கிறது? நல்ல காரியங்கள் எத்தனையோ அந்த வழியில் போய்த் தொலைந்திருக்கின்றன. ஒரு தடவையாவது கெட்டதும் அதே வழியில் போனது.

மோரை அவர்கள் உத்தரவு போட்டு நிறுத்தவில்லை. பூவிழி நிறுத்தினாள். மெஹர்பானுவின் நோன்பில் மிச்சம் இருந்த நாட்களுக்குத் தானும் மெஸ் பக்கம் போவதில்லை என்றாள். அவளோடு ஆஸ்பத்திரியில் கிடந்த பெண்கள் சேர்ந்தார்கள். பிறகு விடுதியில் பாதி. சாயங்காலமானால் பள்ளிவாசல் கஞ்சி வாளிக்கு முன்னால் சிலுவை போட்ட கழுத்தும் திருநீறு பூசிய நெற்றியும் வரிசையில் நின்றன. பெரியம்மா வெந்தயத்தைக் கொஞ்சம் கூடவே போடச் சொன்னாள். யாருக்கு எப்போது முகம் சுளிக்கிறது என்று எல்லாரும் எல்லார் முகத்தையும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஒவ்வொரு சுளிப்புக்கும் ஒரு கைதட்டல்.

பெருநாள் முடிந்து, மோரை மட்டும் தொடாமல் எல்லாரும் மெஸ்ஸுக்குத் திரும்பிய அன்று புகார்ப் பெட்டியின் சிலந்திக்கூடு கலைந்தது. மறுநாள் கோமதிநாயகம் சாக்கைத் தேடிக்கொண்டிருந்தார்.

இன்னாசிமுத்துவை வேறு துறைக்கு மாற்றப்போவதாகப் பேச்சு வந்தது. அதற்குள் பருவத் தேர்வு வந்துவிட்டதால் மதிப்பெண் போடும்வரை விட்டுவைத்தார்கள். அவர் அந்த வருஷத்துச் சாவிகளை எல்லாம் மறுபடி ஒருமுறை கம்ப்யூட்டரில் ஓடவிட்டார். ஒட்டுவதற்குப் பாதி மதிப்பெண், விடுவதற்குப் பாதி என்று வழக்கத்தை மாற்றி அறிவிப்புப் பலகையில் ஒட்டினார்.

மெஹர்பானு ரேங்க் பட்டியலைத் தேடினாள். அவள் பெயர் நடுவில் எங்கோ கிடந்தது. உச்சியில் இருந்த பெயரைப் படித்துவிட்டுப் பக்கத்தில் நின்றவளை முழங்கையால் இடித்தாள்.

"பாயசம் மட்டும் குடிச்சிட்டுப் போறவளுக்கு முதல் ரேங்க்டி."

பூவிழிக்கு அது காதில் விழவில்லை. அவள் கையில் மெஸ் தட்டு இருந்தது. சாம்பாரை ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை இறுக்க மூடிக்கொண்டிருந்தாள்.

"தீஞ்சிருக்குட்டி" என்றாள், பண்டிகைப் பலகாரம் தின்கிற குரலில். "வாயில வைக்க முடியல. இந்தா, நீயும் ஒரு வாய்."